‘தோ’வில் தொடங்கும் சப்பான் பாட்டுகள்

கொடைக்கானல் வண்டியிலிருந்து ஆட்கள் சத்தமில்லாமல் இறங்கி நான் பார்த்ததில்லை. வத்தலக்குண்டு ஷெட்டுக்குள் வண்டி வந்து நின்றால் முதலில் டாப்பில் இருக்கும் மூட்டைக்குச் சண்டை, அப்புறம் பாக்கிச் சில்லறைக்குச் சண்டை, அதுவும் முடிந்தால் யார் காலை யார் மிதித்தது என்று சண்டை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் இறங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கினார்கள். பூண்டு மூட்டைகள் மேலேயே கிடந்தன. இறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வந்தது எங்கள் கம்பெனி வண்டியும் இல்லை. பின்னால் வந்த வேறொரு வண்டி. மன்னவனூரில் பூண்டு வியாபாரம் செய்கிற பொன்னுத்தாயி நேராக என் மேசைக்கு வந்து ஒரு தோல் பையை வைத்தார். கண்டக்டர் பை. அதன் வார் ஈரமாக இருந்தது.

“சடையாண்டி அண்ணன் போயிட்டாருண்ணே,” என்றார். “ஊத்து ஊருக்கு மேல மேகம் எறங்கிக் கெடந்துச்சு. எறங்கி முன்னால நடந்து போனாரு. நம்ம வண்டியே அவரு மேல...”

“ராமசாமி எங்க?”

“டிரைவர் தம்பி அங்கனயே ரோட்டுல உக்காந்திருக்கு. போலீசு வந்திருக்குண்ணே.” அதற்குப் பிறகு அவர் வாயில் வேறு பேச்சே வரவில்லை. “பாட்டு நிக்கவே இல்லண்ணே. சத்தியமாச் சொல்றேன், பாட்டு நிக்கவே இல்ல.”

பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ துக்கத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இதை எழுதுகிற நான் டிரைவர் பெருமாள். சடையாண்டியின் விசிலுக்கு வருஷக்கணக்காக வண்டி எடுத்தவன். கண்ணில் புரை விழுந்தபின் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு ஷெட்டில் மேசை போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கு நயமாகப் பேச வராது என்பது இந்தப் பாதையில் போய்வருகிற உங்களுக்குத் தெரியும். செத்தவரைப் பற்றிப் பொய்யாகப் புகழவும் வராது. சடையாண்டி ஒன்றும் மகான் இல்லை. வெள்ளனே வாய்யா என்றால் வண்டி உறுமத் தொடங்கிய பிறகுதான் ஓடிவருவார். வெற்றிலைச் சாற்றை என் பக்கத்து மட்கார்டில் துப்பிவிட்டுக் காற்றின் மேல் பழி போடுவார். ஆனால் அவர் எப்படிச் செத்தார் என்பதை அவர் எப்படி வாழ்ந்தார் என்பதோடு சேர்த்துச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அன்று அந்த வண்டியில் இருந்தவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அவரை உங்களில் பாதிப்பேர் ‘தோ கண்டக்டர்’ என்றுதான் கூப்பிட்டீர்கள். அந்தப் பெயர் வந்தது பெருமாள்மலையில். மேகம் கனத்துவிட்டால் அங்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெளுக்கும்வரை உட்கார்ந்திருப்போம். கொடைக்கானல் டவுன் ஆட்கள் அதை ‘மிஸ்ட்’ என்பார்கள். என்ன பெயர் வைத்தாலும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கை தெரியாது. பொழுது போக வேண்டுமே, பாட்டுக்குப் பாட்டு ஆரம்பமாகும். டிரைவர் பக்கத்து வரிசை ஒரு கட்சி, வாசல் பக்கத்து வரிசை ஒரு கட்சி. ஒருவர் பாட்டை எந்த எழுத்தில் முடிக்கிறாரோ அந்த எழுத்தில் அடுத்த கட்சி எடுக்க வேண்டும்.

நம் பாட்டுகளின் லட்சணம் உங்களுக்கே தெரியும். வந்ததோ, போனதோ, மறந்ததோ என்று கேள்வி கேட்டே முடிந்து தொலைக்கும். ‘தோ’வில் முடிகிற பாட்டுக்குப் பஞ்சமில்லை, ‘தோ’வில் தொடங்குகிற பாட்டுதான் கிடைக்காது. ஒரு தோகை, ஒரு தோழி, ஒரு தோட்டம். அதற்கு மேல் சரக்குத் தீர்ந்துவிடும். பொன்னுத்தாயி அதற்கென்றே ‘தோ’வில் முடிகிற பாட்டாகத் தேடித் தேடிப் போடுவார். எதிர்க்கட்சி விழித்துக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் நின்ற சடையாண்டி ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பாட்டை எடுத்தார். ‘தோ’வில்தான் தொடங்கியது. தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை.

“என்ன பாசைங்க இது?”

“சப்பான் பாட்டு. சப்பான்ல தும்பிக்கும் தோன்னுதான் எழுத்து ஆரம்பிக்கும்.”

வண்டியே குலுங்கிச் சிரித்தது. தும்பிப் பாட்டு முடிந்ததும் குருவிப் பாட்டு, அதற்கப்புறம் கடிகாரப் பாட்டு. எல்லாம் ‘தோ’. அந்த வருஷத்திலிருந்து ‘தோ’ வந்தால் இரண்டு கட்சியும் படிக்கட்டைப் பார்க்கும். “சப்பானைக் கூப்பிடு!” என்று பூண்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். கேட்டுக் கேட்டு உங்களுக்கே அந்தப் பாட்டுகள் பாடமாகிவிட்டன. அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு எழுத்துப் பிசகாமல் பாடினீர்கள்.

ஒரு பள்ளிக்கூட டீச்சர் அவரிடம் கேட்டார்: “தோ மட்டும்தானா? கா, மி, சா எல்லாம் வராதா?”

“வராதுங்க. அதெல்லாம் அடுத்த குடிசைக்காரங்க எழுத்து,” என்றார் சடையாண்டி. அந்த அம்மா அதையும் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டு சிரித்தார். நான் கண்ணாடியில் சடையாண்டி முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை. என்னவோ சரியில்லை என்று தோன்றியது, ஆனால் எனக்கு அடுத்தவன் சோலி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இனி மேகத்துக்குள் நடக்கிற விஷயம். காத்திருக்க முடியாதபோது கண்டக்டர் இறங்கி வண்டிக்கு முன்னால் நடக்க வேண்டும், டிரைவர் அவர் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து வர வேண்டும். முதுகில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான் பழைய வழக்கம். வெள்ளைக்குள் வெள்ளைத் துண்டு என்னத்தைத் தெரியும்? விசில் ஊதலாம் என்றால் ஒரு விசிலுக்கு நில், இரண்டு விசிலுக்குப் போ என்று பழகிவிட்டோம், தொடர்ந்து ஊதினால் குழம்பிவிடும். சடையாண்டிதான் பாடிக்கொண்டே நடக்கிறேன் என்றார். “பாட்டு கேக்குற வரைக்கும் வாங்கண்ணே. பாட்டு நின்னா வண்டி நிக்கணும். அம்புட்டுத்தான்.” நான் கேலி செய்தேன். கச்சேரி கேட்டுக்கொண்டே மலை இறங்குகிற முதல் டிரைவர் நான்தான் என்றேன்.

ஆனால் முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உள்ளே உட்கார்ந்து பாடும்போது ஒரே குரலில் பாடுகிறவர், மேகத்துக்குள் போனதும் ஒரு அடியைக் கட்டைக் குரலில் பாடினார், அடுத்த அடியைக் கீச்சுக் குரலில் பாடினார், அதற்கடுத்தது கிழவர் குரல். முன்னால் ஒரு ஆள் போகிற மாதிரி இல்லை. ஒரு கூட்டமே நடந்து போகிற மாதிரி இருந்தது. ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. பாட்டு மட்டும் வளைவுக்கு வளைவு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, நான் அதன் பின்னால் ஒரு வண்டி சனத்தை ஓட்டிக்கொண்டு போனேன்.

ஒரு ஐப்பசி மழையில் டம்டம் பாறைக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டு பட்டென்று நின்றது. என் மூளைக்கு எட்டுவதற்கு முன்பே கால் பிரேக்கில் இருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் பள்ளத்துப் பக்கம் ரோட்டில் பாதி இல்லை. மழை அரித்துக்கொண்டு போய்விட்டது. சடையாண்டி அந்த விளிம்பில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

“ஏன்யா, வாய்விட்டு ஒரு சத்தம் போடக்கூடாது?”

“சத்தம் போட்டா என்னன்னு யோசிப்பீங்க. யோசிக்கிறதுக்குள்ள ரெண்டு அடி வந்துருவீங்கண்ணே. பாட்டை நிறுத்துனா யோசிக்க மாட்டீங்க. காலு தானா மிதிச்சிரும்.”

அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை. எங்கள் கம்பெனி டிரைவர்கள் எல்லோரும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். பாட்டு நின்றால் வண்டி நிற்க வேண்டும், நிற்காவிட்டால் போகலாம். இந்த மலையில் இதைவிட நம்பகமான சிக்னல் இருந்ததில்லை.

அவர் பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு வெள்ளைக்கார ஃபாதரால். சப்பான் தேசத்தில் ரொம்ப வருஷம் ஊழியம் செய்துவிட்டுச் செண்பகனூரில் ஓய்வுக்குத் தங்கியிருந்தவர். ஒரு நாள் மத்தியானம் பெருமாள்மலையில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. பாட்டுக்குப் பாட்டு நடந்தது, ‘தோ’ வந்தது, சடையாண்டி தும்பிப் பாட்டை எடுத்தார். ஃபாதர் முகம் மலர்ந்துவிட்டது. கையைத் தட்டிக்கொண்டு கூடவே பாடினார். முதல் அடி இரண்டு பேருக்கும் ஒன்றாகப் போனது. இரண்டாவது அடியில் ஃபாதர் ஒன்று பாடினார், சடையாண்டி வேறொன்று பாடினார். ஃபாதர் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

செண்பகனூரில் இறங்கும்போது என் ஜன்னலுக்கு வந்து மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பெயர்கள் எல்லாம் யாருடையவை?”

“எந்தப் பேருங்க ஃபாதர்?”

“முதல் வரி ஜப்பான் மொழி. குழந்தைகள் பாடுவது. அதற்குப் பிறகு அவர் பாடுவது ஜப்பான் மொழி அல்ல. அவை மனிதர்களின் பெயர்கள். தமிழ்ப் பெயர்கள்.”

அடுத்த நடை நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சப்பான் இழுப்பில், அந்த ராகத்துக்குள், கருப்பையா இருந்தான். மாரிமுத்து இருந்தான். அத்தனை வருஷமும் அவை என் காதில்தான் விழுந்துகொண்டிருந்தன. சிரித்துக்கொண்டிருப்பவன் காதில் எதுவும் நிற்பதில்லை.

டம்டம் பாறை டீக்கடையில், மேகமே இல்லாத ஒரு பட்டப்பகலில், நான் அவரை உட்காரவைத்துக் கேட்டேன். மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது.

“எங்க அப்பா அய்யம்பாளையத்துல இருந்து மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவரு. நானும் எங்க அண்ணன் ராக்கப்பனும் அங்க தோட்டத்து லயத்து வீட்டுலதான் பொறந்தோம். சப்பான்காரன் வந்தப்ப, ரயில்பாதை வேலைன்னு சொல்லி எங்களை ஏத்திக்கிட்டுப் போயி சயாம் காட்டுல எறக்கிட்டாங்கண்ணே. அத்தாப்பு ஓலைக் குடிசைங்க. ஒவ்வொரு குடிசைக்கும் அவங்க அரிச்சுவடியில ஒரு எழுத்து, பலகையில எழுதி வாசல்ல தொங்கவிட்டிருப்பாங்க. எங்க குடிசை எழுத்து தோ.

“முகாம் தொரை ஒருத்தன். சண்டைக்கு முன்னால சின்னப் புள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியாரா இருந்தானாம். சாயங்காலம் ஆளு எண்ணுறப்ப, அந்தந்தக் குடிசை அந்தந்த எழுத்துல ஆரம்பிக்கிற பாட்டைப் பாடணும். அவனே சொல்லிக் குடுத்தான். அவனுக்கு அது வெளையாட்டு. தப்பாப் பாடுனா அடி. சரியாப் பாடுனா சிரிப்பான். நல்ல சிரிப்புத்தாண்ணே அவனுக்கு.

“அப்பறம் காலரா வந்துச்சு. அவன் கிட்ட வர்றதை நிறுத்திட்டான். ஓடைக்கு அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டு நிப்பான். காதாலதான் ஆளு எண்ணுவான். பாட்டு வர்ற குடிசைக்குக் கஞ்சி வாளி ஓடைக்கரைக்கு வரும். பாட்டு வராத குடிசையைக் கொளுத்திருவாங்க.”

“உள்ள ஆளு இருந்தா?”

“பாட்டு வரலைன்னா ஆளு இல்லேன்னு கணக்குண்ணே.”

சடையாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உள்ள கெடந்தவங்களால முனகத்தான் முடிஞ்சுச்சு. நான் ஒருத்தன்தான் எந்திரிச்சு நிக்கிறவன். எல்லாரும் பாடுற மாதிரி நான் பாடணும். ஒரு அடி கட்டக் குரலு, ஒரு அடி கீச்சுக் குரலு, கருப்பையாப் பெருசு மாதிரி ஒரு அடி. அவனும் எங்க குடிசையில ஆளு நெறைய இருக்குன்னு நெனச்சுக்கிட்டான். கஞ்சி வந்துச்சு. ஒரு நாளு எனக்குக் காச்சல். வாயைத் தொறந்தா காத்துதான் வருது. சரி, ஓடைக்கரைக்குப் போயி ஆளு இருக்குன்னு கையைக் காட்டுவோம்னு தவந்தே போனேன். நான் போயிச் சேர்றதுக்கு முந்தியே முதுகுல சூடு அடிச்சுச்சு.”

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அங்க பாட்டு நின்னா நெருப்பு வந்துச்சு. இங்க பாட்டு நின்னா வண்டி நிக்கிது. ஒரே பாட்டுத்தாண்ணே. அதான் எனக்கு இந்த ரோடு புடிச்சிருக்கு. எந்திரிங்க, நேரமாச்சு, வெரசாப் போவோம்.”

இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். “சனங்க சிரிச்சுக்கிட்டே பாடட்டும்ணே. விசயம் தெரிஞ்சா அழுவாங்க, அப்பறம் பாட மாட்டாங்க. இப்ப பாருங்க, மன்னவனூர்ல வெள்ளாம எடுக்குற பொம்பளைங்க வாயில எங்க அண்ணன் பேரு இருக்கு.” அவர் உயிரோடு இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். நீங்கள் சப்பான் பாஷை என்று நினைத்துப் பாடியது, அந்தக் குடிசையோடு போனவர்களின் பெயர்கள், அவரே பாட்டில் சேர்த்தவை.

அவருக்கும் எனக்கும் ஒரு சண்டை உண்டு. அது கடைசிவரை தீரவில்லை. அவர் முன்னால் நடந்து பாடும்போது, வண்டிக்குள் இருந்து நீங்களும் கூடப் பாட ஆரம்பித்தீர்கள். ஆசையில்தான். எனக்கு அது ஆகவே ஆகாது. “வாயை மூடுங்க! பாடுறவன் எறங்கி நடங்க!” என்று நான் கத்தியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிடுமூஞ்சி டிரைவர் என்று என்னைத் திட்டினீர்கள். சடையாண்டியும் உங்கள் கட்சி.

“பாடட்டும்ணே. அவங்க பாடுறது எனக்கு அங்க கேக்குது. தெம்பா இருக்கு.”

“ஏய்யா, நீயே பத்துக் குரல்ல பாடுற ஆளு. உள்ள இருந்து அவங்களும் பாடுனா, ஒரு நாளைக்கு உன் குரல் எது, அவங்க குரல் எதுன்னு எனக்குத் தெரியாமப் போயிரும்யா.”

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். “தெரியாமப் போனா என்னண்ணே? பாட்டு நிக்காதுல்ல.”

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாததை வாயால் அழைக்கக்கூடாது என்பார்கள். அன்று அவர் அழைத்துவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. நான் ஓட்டியவரை என் வண்டியில் யாரையும் மேகத்துக்குள் பாட விட்டதில்லை.

பிறகு எனக்குக் கண் மங்கியது. என் இடத்துக்கு ராமசாமி வந்தான். நல்ல கை, நிதானமான கால். பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். பொம்பளைகளை அதட்டத் தெரியாது. அவன் வண்டியில் நீங்கள் ஆசை தீரப் பாடினீர்கள் என்று ஷெட்டுக்கே செய்தி வரும். வண்டி கலகலப்பாக இருக்கிறது, அந்தச் சிடுமூஞ்சி போனது நல்லதாயிற்று என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் ராமசாமியிடம் சொல்லிப் பார்த்தேன். “சொல்றேண்ணே,” என்றான். எப்படிச் சொல்வான், பாவம். சடையாண்டியே பாடுங்கள் என்று கை காட்டிவிட்டுத்தானே இறங்கிப் போவார்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைப் பொன்னுத்தாயியும் ராமசாமியும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்தியான வண்டி. பெருமாள்மலை தாண்டியதும் மேகம் இறங்கியது. காத்திருந்து பார்த்தார்கள், வெளுக்கவில்லை. சடையாண்டி பையைப் பொன்னுத்தாயி பக்கத்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கினார். தும்பிப் பாட்டை எடுத்தார். கட்டைக் குரல், கீச்சுக் குரல். உள்ளே இருந்தவர்களும் எடுத்தார்கள். வண்டி ஊர்ந்தது. ஊத்துக்கு மேலே உள்ள வளைவில் மலைச்சரிவிலிருந்து சேறு வழிந்து ரோட்டில் கிடந்தது. அங்கே அவருக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. வழுக்கியிருக்கலாம், நெஞ்சு அடைத்திருக்கலாம். அவர் விழுந்தார். பாட்டை நிறுத்தினார்.

பாட்டு நிற்கவில்லை.

கட்டைக் குரலும் கீச்சுக் குரலும் கிழவர் குரலும் ராமசாமிக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. முன்னால் எப்போதும் கேட்பது அப்படித்தானே. அவன் வண்டியை நிறுத்தவில்லை. முன் சக்கரம் எதன் மேலோ ஏறியதை உணர்ந்து பிரேக்கை மிதித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. வண்டி நின்ற பிறகும் உள்ளே பாட்டு ஒரு அடி ஓடியது என்று ராமசாமி சொன்னான்.

போலீஸ் விட்ட பிறகு அவன் ஷெட்டுக்கு வந்து லைசென்சை என் மேசையில் வைத்தான். எடுத்துக்கொள் என்றேன். எடுக்கவில்லை.

“பாட்டு நின்னா நிறுத்தணும், நிக்கலைன்னா போகணும். நீ அதைத்தானடா செஞ்சே?”

“அது அவரு குரல் இல்லண்ணே.”

“எனக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றேன். அது உண்மை. வருஷக்கணக்காகக் கேட்ட எனக்கும் தெரிந்திருக்காது. ஒரு குடிசைச் சனம் முழுக்கப் பாடுவது போல ஒருத்தராகப் பாடப் பழகிய மனிதர் அவர். கடைசியில் ஒரு வண்டிச் சனம் பாடியது அவர் ஒருத்தர் பாடுவதாகத் தெரிந்தது. இதில் யார் பேரில் குற்றம் சொல்வது? நான் ராமசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் அழுது அந்த ஷெட்டில் யாரும் பார்த்ததில்லை.

அய்யம்பாளையத்தில் அவரை அடக்கம் செய்தபோது மன்னவனூரிலிருந்தும் பெருமாள்மலையிலிருந்தும் வந்து நின்றீர்கள். ஒப்பாரி வைக்கக்கூட வாய் வராமல் நின்றீர்கள். அதற்குப் பிறகு கொடைக்கானல் வண்டியில் பாட்டுக்குப் பாட்டு கிடையாது. மூட்டைக்குச் சண்டைகூடக் குறைந்துவிட்டது. பொன்னுத்தாயி ஒரு நாள் என்னிடம் வந்து, “எங்க வாயாலதான் அவரைக் கொன்னுட்டோம்ணே, இனிமே இந்த வாயில பாட்டு வராது” என்றார். அன்றுதான் இனி மறைக்கக்கூடாது என்று முடிவு செய்து இதை எழுத உட்கார்ந்தேன்.

பொன்னுத்தாயி, உங்களுக்கும் அந்த வண்டியில் இருந்த எல்லோருக்கும் சொல்கிறேன். அவர் பயந்தது சாவுக்கு இல்லை. பாட்டு நிற்பதற்குத்தான் பயந்தார். ஒரு தடவை அவர் தொண்டையில் நின்றது, அதனால் என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை அவர் தொண்டையில் நின்றபோது அது நிற்கவில்லை. உங்கள் வாயில் இருந்தது. அது அவரைக் காப்பாற்றவில்லை, நாசமாய்ப் போக, அதுதான் அவரைக் கொன்றது. அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் இப்போது நீங்களும் நிறுத்திவிட்டால் அந்தக் குடிசையில் ஆள் இல்லை என்று ஆகிவிடும்.

அதனால் சொல்கிறேன், வெயிலில் பாடுங்கள். பெருமாள்மலையில் வண்டி நிற்கும்போது பாடுங்கள். ‘தோ’ வந்தால் பாடுங்கள். மேகத்துக்குள் கண்டக்டர் இறங்கி நடக்கும்போது மட்டும் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு இருங்கள். அப்போதும் பாடினால் நான் மங்கின கண்ணோடு மலை ஏறி வந்து திட்டுவேன்.

அவருடைய பையைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. விசிலை அவர் வீட்டில் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது தும்பிப் பாட்டு ஒன்றுதான். பகலில் ஷெட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பாடிப் பார்க்கிறேன். எனக்குக் குரல் மாற்றத் தெரியாது, இருக்கிற கரகரப்பிலேயே பாடுகிறேன். முதல் அடி சப்பான். அப்புறம் கருப்பையா, மாரிமுத்து, சின்னத்தம்பி, அந்தோணி, தங்கவேலு, ராக்கப்பன். அதோடு அவர் முடித்துவிடுவார். நான் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறேன். சடையாண்டி என்பது அந்த ராகத்துக்குள் லேசில் உட்கார மாட்டேன் என்கிறது. கொஞ்சம் இழுத்துப் பாட வேண்டியிருக்கிறது. இழுத்துத்தான் பாடுகிறேன்.